லேனியர் ஏரியில் இலையுதிர்காலத் தூண்டில்: உயிர் இரை கொண்டு ஸ்டிரைப்பர் பிடிக்க முழுமையான வழிகாட்டி

அட்லாண்டாவுக்கு வடக்கே, ஜார்ஜியா மாநிலத்தின் மலையடிவாரத்தில் விரிந்து கிடக்கிறது லேனியர் ஏரி. சாட்டஹூச்சி ஆற்றை மறித்து 1950களில் ப்யூஃபோர்டு அணை எழுப்பப்பட்டபோது உருவான நீர்த்தேக்கம் இது. பரப்பளவு ஏறத்தாழ 38,000 ஏக்கர். ஓடைகளும் கிளைகளுமாகப் பிரிந்து கிடப்பதால் கரையின் நீளம் மட்டும் 690 மைல் வரும். கம்மிங், ஆல்ஃபரெட்டா, ஜான்ஸ் கிரீக் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இது கோடையில் பிள்ளைகளைக் குளிக்க அழைத்துப் போகும் இடம். செப்டம்பர் முடிந்ததும் ஏரியை மறந்துவிடுவார்கள். தூண்டில்காரர்களுக்கோ அப்போதுதான் ஏரி விழித்துக்கொள்கிறது.

படகு பெரிதா, நீருக்கடியில் மீனைக் காட்டும் சோனார் கருவி புதிதா என்பதெல்லாம் இரண்டாம்பட்சம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முள்ளில் கோர்த்த இரைமீன் காயமின்றி, தானாக நீந்துவதுபோல் நீந்தினால் ஸ்டிரைப்பர், அதாவது ஸ்டிரைப்ட் பாஸ் மீன், கடிக்கும். சோர்ந்து தொங்கினால் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுப் போய்விடும். ஆகவே இந்த வழிகாட்டியில் தூண்டில் கோலைவிட இரைத்தொட்டிக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் மீனைப் பற்றி

ஸ்டிரைப்ட் பாஸ் அடிப்படையில் அட்லாண்டிக் கரையோரக் கடல்மீன். வெள்ளி உடம்பில் செவுள் முதல் வால் வரை ஏழெட்டுக் கறுப்புக் கோடுகள் ஓடும். வசந்தத்தில் முட்டையிட ஆறுகளில் ஏறும். நம் ஊர்க் கொடுவா இதற்கு நேர் எதிர். அது நன்னீரில் வளர்ந்து, முட்டையிட உவர்நீர்க் கழிமுகத்துக்கு இறங்கும். 1941இல் தென் கரோலினாவில் சாண்டீ, கூப்பர் ஆறுகளின் நீரைத் தேக்கி ஏரிகள் உருவாக்கியபோது உள்ளே அகப்பட்ட ஸ்டிரைப்பர்கள், கடலைக் காணாமலே வாழ்ந்து பெருகின. கடல்மீன் என்று நினைத்திருந்தது நன்னீரிலேயே காலம் தள்ளும் என்று தெரிந்த பிறகு, பல மாநிலங்கள் தங்கள் நீர்த்தேக்கங்களில் இதன் குஞ்சுகளை விடத் தொடங்கின.

இதன் முட்டை நீரோட்டத்தில் சுமார் இரண்டு நாள் மிதந்து உருண்டால்தான் பொரிக்கும். ஓட்டம் நின்ற இடத்தில் அடியில் படிந்து மடிந்துவிடும். அந்த அளவுக்கு நீண்ட ஓட்டம் லேனியரில் கிடையாது. ஆகவே இங்கே நாம் பிடிக்கும் ஸ்டிரைப்பர்கள் மாநில இயற்கை வளத் துறையின் பொரிப்பகத்தில் பிறந்து, விரல் நீளக் குஞ்சாக ஏரியில் விடப்பட்டவை. பிடித்த மீனில் எத்தனையை வீட்டுக்குக் கொண்டுபோவது என்று முடிவெடுக்கும்போது இதை நான் நினைத்துக்கொள்வேன்.

ஏரி புரளும் பருவம்

கோடையில் இந்த ஏரி இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்கும். மேலே வெந்நீர், கீழே குளிர்நீர். இரண்டும் கலப்பதில்லை. மேலே ஸ்டிரைப்பருக்குச் சூடு தாங்காது. கீழே நாளாக ஆக ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே வரும். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் ஒரு குறுகிய பட்டையில், பெரும்பாலும் அணைக்கு அருகே ஆழத்தில், பெரிய மீன்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

இரவுகள் குளிரத் தொடங்கியதும் மேல்நீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்கும். அடுக்குகளுக்கு இடையே இருந்த எல்லை நாளுக்கு நாள் தாழும். கடைசியில் மேலும் கீழும் ஒரே வெப்பநிலைக்கு வர, ஒரு பலமான காற்று முழு ஏரியையும் கலக்கிவிடும். ஏரி புரள்வது என்பது இதுதான். அந்த நாட்களில் சில இடங்களில் நீர் கலங்கி, அழுகிய முட்டை வாடை லேசாக எழும். அப்படிப்பட்ட நீரில் நேரத்தை வீணாக்காதீர்கள். நான்கைந்து மைல் தள்ளிப் போனால் தெளிந்த நீர் கிடைக்கும்.

நாட்காட்டியைவிட வெப்பமானியை நம்புங்கள். மேல்நீர் 75 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இருக்கும்வரை மீன் ஆழத்தில்தான். அக்டோபரில் 70க்குக் கீழே இறங்கும்போது கூட்டம் கலைந்து, ஏரியின் மேற்பகுதிக்கும் ஓடை வாய்களுக்கும் பரவத் தொடங்கும். நவம்பரில் 65க்கும் 60க்கும் இடையில் இருக்கும் இரண்டு மூன்று வாரங்கள்தான் என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானவை. அப்போது மேல்நீரிலிருந்து அடுக்குகளின் எல்லைவரை எந்த ஆழமும் ஸ்டிரைப்பருக்கு ஏற்றது. இரைமீன் கூட்டம் எங்கே போகிறதோ அங்கே போகும். புரளல் பெரும்பாலும் நவம்பர் பிற்பகுதியிலிருந்து டிசம்பருக்குள் நடந்துவிடும்.

மீன் எங்கும் போகலாம் என்பதாலேயே அதைத் தேடுவது கடினமாகவும் இருக்கிறது. கோடையில் ஒரே இடத்தில் நின்று ஆழத்தில் இரையை இறக்கிப் பிடித்தவர்கள் இலையுதிர்காலத்திலும் அப்படியே நின்று ஏமாறுவதைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பருவத்தில் இரையோடு மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

உரிமமும் அளவும்

16 வயது நிரம்பிய எவருக்கும் ஜார்ஜியாவில் மீன்பிடி உரிமம் தேவை. இணையத்திலேயே எடுத்துவிடலாம். ஸ்டிரைப்பர், ஒயிட் பாஸ், இரண்டின் கலப்பினம் மூன்றையும் சேர்த்து ஒருவர் ஒரு நாளைக்கு 15 மீன் வைத்துக்கொள்ளலாம். அவற்றில் 22 அங்குலமோ அதற்கு மேலோ உள்ளவை இரண்டு மட்டும். ஆண்டுக்கு ஆண்டு விதி மாறக்கூடும் என்பதால் அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெர்ரிங் என்ற இரைமீனை உயிரோடு பயன்படுத்துவது எல்லா ஏரியிலும் அனுமதிக்கப்பட்டதல்ல என்பதையும் அதில் காண்பீர்கள். படகில் 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் உயிர்காப்புச் சட்டை அணிவது சட்டப்படி கட்டாயம். நவம்பர் நீரில் விழுந்தால் குளிரில் கைகால் சீக்கிரமே செயலிழந்துவிடும். ஆகவே என் படகில் பெரியவர்களும் அணிந்தாக வேண்டும்.

இரை: பாதி வேலை இங்கேதான்

லேனியரில் முதன்மையான உயிர் இரை புளூபேக் ஹெர்ரிங். நம் சாளைக்குத் தூரத்து உறவு. முதுகு நீலம், வயிறு வெள்ளி, ஐந்தாறு அங்குல நீளம். ஏரியைச் சுற்றியுள்ள இரைக் கடைகளில் டஜன் கணக்கில் விற்பார்கள். ஒரு காலைப் பொழுதுக்கு மூன்று நான்கு டஜன் வாங்குவேன். பெரிய மீனை மட்டும் குறிவைப்பவர்கள் எட்டு பத்து அங்குலக் கிஸர்ட் ஷாட் மீனை வீச்சு வலையில் பிடித்துப் பயன்படுத்துவார்கள்.

ஹெர்ரிங் சட்டென்று உயிரை விடும் மீன். வாளியில் கால் மணி நேரம்கூடத் தாங்காது. அதற்கென்று தொட்டி வேண்டும். அந்தத் தொட்டி வட்டமாகவோ முட்டை வடிவிலோ இருக்க வேண்டும். இந்த மீன் ஓயாமல் முன்னோக்கி நீந்தும் இனம். மூலை இருந்தால் அங்கே போய் முட்டி முட்டி மூக்கு புண்ணாகும். சுவர் வளைந்திருந்தால் கூட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அளவைப் பொறுத்தவரை ஒரு கேலன் நீருக்கு ஒரு மீன் என்பது என் கணக்கு. 40 மீனுக்கு 40 கேலன், அதாவது 150 லிட்டர்.

முதல் ஆண்டில் நான் வீட்டுக் குழாய் நீரைத் தொட்டியில் நிரப்பிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினேன். படகுத் துறைக்குப் போய்ச் சேர்ந்து மூடியைத் திறந்தபோது மூன்று டஜன் மீனும் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தன. குழாய் நீரில் கலக்கப்படும் குளோரின் செவுளை எரித்துவிடுகிறது. அன்று முதல் குளோரின் நீக்கும் மருந்தில்லாமல் குழாய் நீர் நிரப்புவதில்லை. அதைவிட நல்ல வழி, கடைக்காரரிடம் கேட்டு அவருடைய தொட்டி நீரையே வாங்கிக்கொள்வது. மீன் பழகிய நீர், பழகிய குளிர்ச்சி. சட்டென்று வெப்பம் மாறினாலும் ஹெர்ரிங் செத்துவிடும்.

நீரில் உப்பு சேர்க்க வேண்டும். அயோடின் கலக்காத கல்லுப்பு, லிட்டருக்கு 5 கிராம் அளவில். மீனைப் பிடித்து மாற்றும்போது அதன் உடல்மீதுள்ள வழுவழுப்பு உரிந்துபோகும். உடலின் உப்பு நீருக்குள் கசியும். தொட்டி நீரில் கொஞ்சம் உப்பிருந்தால் அந்த இழப்பு குறையும், மீன் தேறிக்கொள்ளும். காற்றேற்றி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நீரின் மேல் நுரை கட்டத் தொடங்கினால் கழிவு சேர்கிறது என்று பொருள். மூன்றில் ஒரு பங்கு நீரை இறைத்துவிட்டு ஏரி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள்.

இரைக் கடையில் ஒரு முதியவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது இது. மீனை எடுக்கும் முன் "மூக்கைப் பார்" என்றார். தொட்டியில் குனிந்து பார்த்தேன். எல்லாம் ஒன்றுபோலவே சுற்றிக்கொண்டிருந்தன. கண் பழகியதும் தெரிந்தது: சிலவற்றின் மூக்கு நுனியில் மிளகளவு சிவப்பு. சிலவற்றுக்கு முதுகில் செதில் உதிர்ந்து சாம்பல் திட்டு. சிவந்த மூக்கு என்றால் அது ஏற்கெனவே சுவரில் முட்டிச் சோர்ந்த மீன். முள்ளில் கோர்த்தால் ஐந்து நிமிடத்தில் பக்கவாட்டில் சாயும். கருநீல முதுகும் கண்ணாடி போன்ற மூக்கும் உள்ளதாகத் தேர்ந்தெடுங்கள்.

கோல், நரம்பு, முள்

இதில் நீட்டிச் சொல்ல அதிகமில்லை. ஏழு அல்லது ஏழரை அடிக் கோல், நுனி மென்மையாக வளைய வேண்டும். விறைப்பான நுனி அலையில் குலுங்கி இரையைப் பிய்த்துவிடும். 15 முதல் 20 பவுண்டு இழுவை தாங்கும் நைலான் நரம்பு. அதன் முனையில் நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் தடுக்கும் சிறு சுழலி, சுழலியிலிருந்து ஐந்தடி ஃபுளோரோகார்பன் நரம்பு, 12 பவுண்டு போதும். இலையுதிர்காலத்து நீர் தெளிவானது. தடித்த நரம்பு மீனின் கண்ணில் படும். முள் 1/0 அளவு. வட்டமாக உள்நோக்கி வளைந்த முள்ளையே பரிந்துரைக்கிறேன். அது பெரும்பாலும் வாயோரத்தில் மாட்டும், குடலில் இறங்காது. திரும்ப விடப்போகும் மீனுக்கு அதுதான் உயிர்ப்பிச்சை.

இரையைக் கோர்ப்பது

கையை ஏரி நீரில் நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கையில் ஹெர்ரிங்கின் செதில் வெள்ளிப் பொட்டுகளாக ஒட்டிக்கொண்டு வந்துவிடும், அந்த மீன் அதோடு தீர்ந்தது. சிறு கைவலையால் ஒரே ஒரு மீனை அள்ளி, வலைக்குள்ளேயே வைத்துக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகச் செவுள்களுக்குப் பின்னே பிடியுங்கள். இறுக்க வேண்டாம், விரல்களுக்கிடையே அது துடிப்பது தெரிய வேண்டும். மூக்கின் மேல் இரண்டு சிறு துளைகள் இருக்கும். ஒரு துளையில் முள்ளை நுழைத்து மறு துளையில் வெளியே எடுங்கள். அங்கே எலும்பும் இல்லை, உயிர்நாடியும் இல்லை. தொட்டியிலிருந்து நீருக்குப் போகும்வரை பத்து வினாடிக்கு மேல் ஆகக்கூடாது. மெல்ல இறக்கிவிடுங்கள், வீசினால் நீரில் அறைந்த அதிர்ச்சியிலேயே பாதி உயிர் போய்விடும். நீரில் பட்டதும் அது தலையைக் கீழே குத்தி ஆழத்துக்குப் பாய்ந்தால் நல்ல இரை. மேலேயே வட்டமடித்தால் மாற்றிவிடுங்கள்.

எங்கே தேடுவது

விடிவதற்கு அரை மணி நேரம் முன்பே நீரில் இருங்கள். மேகமூட்டமும் லேசான காற்றும் உள்ள நாள் கிடைத்தால் விடாதீர்கள். வெளிச்சம் குறைவாக இருக்கும்வரை மீன் மேலேயே மேயும்.

அணைப் பக்கத்து ஓடைகளில் பால்ட் ரிட்ஜ், ஷோல், சிக்ஸ் மைல் ஆகியவையும், மேற்கே செஸ்டடீ ஆற்றுக் கிளையும், வடக்கே கெய்ன்ஸ்வில் பக்கத்து ஓடைகளும் இலையுதிர்காலத்தில் பார்க்க வேண்டியவை. ஓடைக்குள் நுழைந்ததும் நேராகக் கடைசிக்கு ஓடாதீர்கள். வாய்ப்பகுதியில் தொடங்கி, இரைமீன் கூட்டம் சோனார் திரையில் மேகம்போல் தெரியும் இடம்வரை மெல்லப் போங்கள். அந்த மேகம் கிழிந்தும் நசுங்கியும், அதன் அருகே தடித்த வளைவுகளும் தெரிந்தால் நின்றுவிடலாம். கரை நீருக்குள் நீண்டு இறங்கும் முனைகள், நீருக்கடியில் எழும் மேடுகள், ஓடையின் பழைய தடம் வளையும் இடங்கள் ஆகியவற்றில் மீன் இரையை நெருக்கிப் பிடிக்கும்.

நவம்பர் பாதியில் பறவைகள் வந்து சேரும். கடற்காகங்கள் ஒரே இடத்தில் சுற்றி நீரில் குத்தினால் அடியில் ஸ்டிரைப்பர் இரையை மேலே துரத்துகிறது. லூன் என்ற நீர்மூழ்கிப் பறவையும் நல்ல வழிகாட்டி. அது இரைமீன் உள்ள இடத்தில்தான் முங்கும். பறவைக் கூட்டத்தைக் கண்டதும் பெரிய இயந்திரத்தை முடுக்கிக்கொண்டு நடுவில் பாய்பவர்களால் அந்த இடமே செத்துப்போகிறது. நூறடிக்கு முன்பே இயந்திரத்தை நிறுத்தி, மின் மோட்டாரில் ஓரமாக ஊர்ந்து போங்கள். மற்றொரு படகு ஏற்கெனவே அங்கிருந்தால் அவர்கள் போகும் வழியை மறிக்காதீர்கள்.

நரம்புகளை விரிப்பது

இந்தப் பருவத்தில் எனக்கு மீன் கொடுப்பது பெரும்பாலும் எடையில்லாத இரைகள்தான். படகின் பின்னால் இரண்டு நரம்புகளை விடுவேன். ஈயம் எதுவும் கிடையாது. ஒன்று 80 அடி, மற்றொன்று 120 அடி தூரத்தில். மின் மோட்டார் மணிக்கு முக்கால் மைல் வேகத்தில் இழுக்கும். ஒரு மைலைத் தாண்டினால் இரை சுழலத் தொடங்கும். அரை மைலுக்குக் கீழே போனால் இரைகள் திசைக்கொன்றாக ஓடி நரம்புகளைப் பின்னிவிடும். நேர்க்கோட்டில் போகாமல் பாம்புபோல் நெளிந்து போங்கள். வளைவின் உட்பக்கத்து இரை தாழும், வெளிப்பக்கத்து இரை எழும். எது கடிபடுகிறது என்பதைப் பார்த்தே மீனின் ஆழத்தை ஊகித்துவிடலாம்.

அடுத்து பக்கப் பலகைகள். நரம்பில் கவ்வவைக்கும் சிறு மிதவைப் பலகை இது. படகு முன்னேறும்போது நீர் அதைப் பக்கவாட்டில் தள்ளும். இரையை முதலில் 40 முதல் 60 அடி பின்னால் விட்டு, பிறகு பலகையை நரம்பில் மாட்டி, படகிலிருந்து 50 அடி, 90 அடி என்று இரண்டு பக்கமும் விரியுங்கள். இப்படி நான்கு பலகை விட்டால் 180 அடி அகலத்தை ஒரே ஓட்டத்தில் சலித்துவிடலாம். படகின் நிழலையும் சத்தத்தையும் கண்டு ஒதுங்கும் மீனுக்கும் இரை போய்ச் சேரும். கரையோரம் ஐந்தாறு அடி நீரில் மேயும் ஸ்டிரைப்பரை இந்தப் பலகைகளால்தான் எட்ட முடியும். தொடங்குபவர்கள் இரண்டு பலகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சிக்கல் எடுப்பதிலேயே காலைப் பொழுது போய்விடும்.

வெயில் ஏறியதும் மீன் கீழே இறங்கும். அப்போது ஆழ நரம்புக்கு மாறுங்கள். சுழலிக்கு மேலே இரண்டு அவுன்ஸ் ஈயக்குண்டைக் கோர்த்து, படகை நிறுத்தி நேராகக் கீழே விடுங்கள். சோனாரில் மீன் 35 அடியில் தெரிந்தால் இரையை 30 அடியில் நிறுத்துங்கள். ஸ்டிரைப்பர் மேல்நோக்கிப் பார்த்தே வேட்டையாடும். தனக்குக் கீழே போன இரையை அது பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஏரியின் அடியில் பல இடங்களில் பழைய மரங்கள் நின்றபடியே மூழ்கிக் கிடக்கின்றன. அவற்றின் நுனிக்கு மேலேயே இரை நிற்கட்டும்.

கடித்தபின்

முதலில் கோலின் நுனி படபடக்கும். அது இரை பயந்து ஓடுவது. பக்கத்தில் ஸ்டிரைப்பர் வந்துவிட்டது. கையை வைக்காதீர்கள். அடுத்து நுனி ஒருமுறை தட்டும். அப்போதும் பொறுங்கள். பிறகு கோல் அப்படியே மடங்கி நுனி நீரைத் தொடும். அப்போதுதான் எடுக்க வேண்டும். வட்ட முள் போட்டிருந்தால் வெட்டி இழுக்கக் கூடாது. ரீலைச் சீராகச் சுற்றினாலே முள் தானாக வாயோரத்தில் திரும்பிப் பதியும். வெட்டி இழுத்தே எத்தனையோ நல்ல மீன்களை இழந்திருக்கிறேன். என் மகளுக்கு இந்தப் பழக்கம் இல்லாததால் முதல் நாளிலேயே 14 பவுண்டு மீனைச் சிரமமின்றி எடுத்தாள்.

ரீலின் இறுக்கத்தை நரம்பின் தாங்குதிறனில் நான்கில் ஒரு பங்குக்கு வைத்திருங்கள். முதல் ஓட்டம் நீளமாக இருக்கும், ஓடவிடுங்கள். கோலை நிமிர்த்தி இறக்கி இறக்கிச் சுற்றுங்கள், நரம்பு தொய்ய வேண்டாம். படகைக் கண்டதும் மீண்டும் ஒரு பாய்ச்சல் பாயும். அதை எதிர்பார்த்தே இருங்கள். வலையை முன்கூட்டியே நீருக்குள் இறக்கி, மீனின் தலையை அதற்குள் நடத்துங்கள்.

விடுவதும் வைத்துக்கொள்வதும்

விடப்போகும் மீனை நீண்ட நேரம் போராடவைக்காதீர்கள். நனைந்த கையால் கீழ்த்தாடையையும் வயிற்றடியையும் தாங்கிப் பிடித்து, முள்ளை எடுத்துத் தலைகீழாக நீருக்குள் பாயும்படி விடுங்கள். கோடையில் ஆழத்திலிருந்து இழுத்த ஸ்டிரைப்பர் விட்டாலும் பெரும்பாலும் பிழைக்காது. இலையுதிர்காலத்தில் குளிர்நீரும் ஆக்சிஜனும் நிறைய இருப்பதால் நன்றாகத் தேறி ஓடும். 20 பவுண்டுக்கு மேல் வளர்ந்த மீனை நான் விட்டுவிடுவேன். அந்த அளவுக்கு வளரப் பல ஆண்டுகள் ஆகும்.

சமையலுக்கு ஆறு முதல் பத்து பவுண்டு மீன்தான் சுவை. பிடித்த உடனேயே செவுளை வெட்டி இரத்தத்தை வடித்துவிட்டு, பனிக்கட்டியில் புதையுங்கள். தோலை உரித்தால் பக்கக்கோட்டை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு பட்டை தெரியும். கவிச்சி வாடை எல்லாம் அந்தப் பட்டையில்தான். அதை முழுதாகச் செதுக்கி எறிந்துவிடுங்கள். எஞ்சும் வெள்ளைச் சதை இறுகலானது, குழம்பில் உடையாது. புளியும் மிளகும் தூக்கலாக வைத்தால் வஞ்சிரத்தைத் தேட வேண்டாம். எந்த ஏரியில் எந்த மீனை எவ்வளவு சாப்பிடலாம் என்று மாநிலம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிவுரையைப் பார்த்துவிட்டுச் சிறு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுங்கள்.

மிச்சமிருக்கும் ஹெர்ரிங்கை வேறு ஏரியிலோ குளத்திலோ கொட்டாதீர்கள். இது மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்று அங்குள்ள இனங்களைக் கெடுத்துவிடும். செத்தவற்றை உப்பிட்டு உறையவைத்தால் கெளுத்தி பிடிக்க உதவும். வீடு திரும்பியதும் அன்றே தொட்டியை வெறும் நீரால் மட்டும் கழுவி, கவிழ்த்து உலர்த்துங்கள். சோப்பு போட வேண்டாம். ஒரு துளி தங்கினாலும் அடுத்த வாரம் வாங்கும் இரை துறையை அடையும் முன்பே செத்துவிடும்.